625 001: மதுரையின் பின்கோடைத் தாளும் பென்சிலுமாகப் பிரித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

மீனாட்சியம்மன் கோயிலும் அதைச் சுற்றியுள்ள வீதிகளும் அஞ்சல் துறைக்கு 625 001. இந்த எண்ணை எத்தனையோ படிவங்களில் நிரப்பியிருப்போம். ஆனால் இது பகா எண்ணா, எதனாலெல்லாம் வகுபடும், இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்று யாராவது கேட்டால் உடனே கைபேசியை எடுப்போம். அதற்குத் தேவையே இல்லை. ஆறு இலக்க எண் ஒன்றின் உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு மாலை நேரத்தில் கையாலேயே வெளியே கொண்டுவந்துவிடலாம். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

வேலையின் போக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடினமான வேலை ஒன்றுதான்: எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது. அதைப் பொறுமையாகச் செய்துவிட்டால், மற்ற பண்புகள் எல்லாம் ஒன்றிரண்டு வரிக் கணக்கில் கிடைத்துவிடும்.

முதல் படி: எண்ணின் உருவத்தைப் பாருங்கள்

வகுக்கத் தொடங்கும் முன் எண் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கமான 6 தமிழ்நாடு, கேரளத்தை உள்ளடக்கிய மண்டலத்தைக் குறிக்கும். முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று அஞ்சலகத்தையும் காட்டும். அதனால்தான் உறைகளில் நடுவே இடம் விட்டு 625 001 என்று எழுதும் பழக்கம் இருக்கிறது.

இந்த இடைவெளி நம் கணக்குக்கும் உதவும். 6,25,001 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி போட்டால் எண்ணின் அமைப்பு மறைந்துவிடும். மூன்று மூன்றாகப் பிரித்தால் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, 625 என்பது 5-இன் நான்காம் அடுக்கு. 1000 என்பது 2³ × 5³. ஆகவே 625000 = 2³ × 5⁷. நம் எண் அதைவிட ஒன்று அதிகம். 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது என்பது இங்கேயே முடிந்துவிட்டது.

இரண்டாவது விஷயத்தில்தான் முதல் காரணியே கிடைக்கப்போகிறது.

இரண்டாம் படி: 3, 7, 11, 13

இலக்கங்களைக் கூட்டினால் 6 + 2 + 5 + 0 + 0 + 1 = 14. இது 3-ஆல் வகுபடாது, ஆகவே எண்ணும் வகுபடாது.

அடுத்து 7, 11, 13. இவற்றைத் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். 7 × 11 × 13 = 1001 என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 625-ஐ 1001-ஆல் பெருக்கினால் 625625. அதிலிருந்து 624-ஐக் கழித்தால் நம் எண்:

625001 = 625 × 1001 − 624

முதல் பகுதி 7, 11, 13 மூன்றாலும் வகுபடும். மீதமுள்ள 624-ஐச் சோதித்தால் போதும். முன் மூன்றிலிருந்து பின் மூன்றைக் கழிப்பதுதான் இது: 625 − 1 = 624. ஏழால் வகுத்தால் மீதி 1, பதினொன்றால் வகுத்தால் மீதி 8. ஆனால் 624 = 13 × 48, மீதியே இல்லை!

ஆக 13 ஒரு காரணி. ஈவையும் தனியாக வகுத்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1001-ஐ 13-ஆல் வகுத்தால் 77; 625 × 77 = 48125; அதில் 48 போனால் 48077.

625001 = 13 × 48077

எந்த ஆறு இலக்க எண்ணைப் பார்த்தாலும் நான் முதலில் செய்வது இந்தக் கழித்தலைத்தான். ஒரே கழித்தலில் மூன்று பகா எண்களைச் சோதித்துவிடலாம்.

மூன்றாம் படி: 48077-ஐ வலப்பக்கமிருந்து வகுத்தல்

எதுவரை சோதிக்க வேண்டும்? ஓர் எண் பகு எண்ணாக இருந்தால், அதன் பகாக் காரணிகளில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 48077-இன் வர்க்கமூலம் 219 சொச்சம். 11 வரை உள்ள பகா எண்கள் ஏற்கெனவே அடிபட்டுவிட்டன. 13-ஐ மட்டும் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே பகா எண் இரண்டு முறை வரலாம். 13 × 3698 = 48074, மீதி 3. வராது. அப்புறம் 17 முதல் 219 வரை.

பள்ளியில் இடப்பக்கமிருந்து வகுக்கப் பழகியிருப்போம். ஆனால் வகுபடுமா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் வலப்பக்கமிருந்து செய்வது எளிது. கடைசி இலக்கம் பூஜ்யமாகும்படி பகா எண்ணின் மடங்கு ஒன்றைக் கழிக்க வேண்டும்; பூஜ்யத்தைத் தூக்கிப்போட வேண்டும்; திரும்பவும் அதையே செய்ய வேண்டும். 10-க்கும் அந்தப் பகா எண்ணுக்கும் பொதுக் காரணி இல்லை என்பதால் பூஜ்யத்தை நீக்குவது முடிவை மாற்றாது.

23-ஐப் பார்ப்போம். 48077 ஏழில் முடிகிறது. 23 × 9 = 207, இதுவும் ஏழில் முடிகிறது. கழித்தால் 47870, பூஜ்யம் போனால் 4787. மறுபடி 207-ஐக் கழித்தால் 4580, அதாவது 458. 23 × 6 = 138 போனால் 320, அதாவது 32. இது 23-இன் மடங்கு அல்ல. 23 காரணி இல்லை.

இப்படியே ஒவ்வொன்றாக நகர வேண்டும். 17-இலும் 101-இலும் மீதி வெறும் 1 வரும், நூலிழையில் தப்பும். சோர்ந்துபோகாமல் 131 வரை வாருங்கள்:

48077 − 131 × 7 = 48077 − 917 = 47160 → 4716
4716 − 131 × 6 = 4716 − 786 = 3930 → 393
393 = 131 × 3

சரியாகப் போய்விட்டது. இதில் இன்னொரு நன்மை உண்டு. கழித்த மடங்குகள் வரிசையாக 7, 6, 3. அவற்றைக் கடைசியிலிருந்து படித்தால் 367. அதுதான் ஈவு! முதலில் கழித்தது ஒன்றுகளின் இடம், அடுத்தது பத்துகளின் இடம், பிறகு நூறுகளின் இடம். எனவே ஈவு தானாகவே தலைகீழ் வரிசையில் எழுதப்பட்டுவிடுகிறது.

367-இன் வர்க்கமூலம் 19 சொச்சம். 19 வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் அது வகுபடாது. ஆகவே அதுவும் பகா எண்.

625001 = 13 × 131 × 367

ஒன்பதால் ஒரு சோதனை போட்டுவிடுங்கள். இலக்கங்களை ஒற்றை எண் வரும்வரை கூட்டினால் 13 → 4, 131 → 5, 367 → 7. பெருக்கினால் 140 → 5. 625001 → 14 → 5. ஒத்துப்போகிறது. இந்தச் சோதனை பிழையே இல்லை என்று நிரூபிக்காது, ஆனால் பெரும்பாலான கைத்தவறுகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த வழியில் பிரித்தாலும் இதே மூன்று பகா எண்கள்தான் வரும். பத்தாம் வகுப்பில் படித்த அடிப்படை எண்ணியல் தேற்றம் அதற்கு உத்தரவாதம்.

நான்காம் படி: பண்புகளை எழுதிக்கொள்ளுதல்

மூன்று வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் வகுத்திகள் 2 × 2 × 2 = 8. அவை 1, 13, 131, 367, 1703, 4771, 48077, 625001.

வகுத்திகளின் கூடுதலுக்கு ஒவ்வொரு பகா எண்ணோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 14 × 132 × 368 = 6,80,064. இதில் எண்ணையே கழித்தால் 55,063. எண்ணைவிட மிகக் குறைவு, ஆகவே இது குறைவுள்ள எண்.

ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் ஆய்லர் சார்பு: 12 × 130 × 366 = 5,70,960. ஒன்று முதல் 625001 வரையுள்ள எண்களில் இத்தனை எண்களுக்கு 625001-உடன் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி கிடையாது.

வர்க்கங்களைப் பற்றிய கேள்விகள் இன்னும் சுவையானவை.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடியுமா? ஒற்றைப்படை எண் என்றால் ஒவ்வொரு காரணி இணைக்கும் ஒரு வழி உண்டு. இணையின் சராசரி ஒரு எண், வித்தியாசத்தின் பாதி இன்னொரு எண். நமக்கு நான்கு இணைகள்:

1035² − 668² (367, 1703)
2451² − 2320² (131, 4771)
24045² − 24032² (13, 48077)
312501² − 312500² (1, 625001)

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா? முடியாது. நான்கால் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண் ஒன்று ஒற்றைப்படை முறை காரணியாக வந்தால் அந்த எண்ணை அப்படி எழுத இயலாது. 131-உம் 367-உம் அந்த வகை. இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. 625001-ஐ நான்கால் வகுத்தால் மீதி 1. மேலோட்டமாகப் பார்ப்பவர் முடியும் என்றுதான் நினைப்பார். காரணிப்படுத்தினால்தான் உண்மை தெரியும்.

மூன்று வர்க்கங்கள்? எட்டால் வகுத்தால் மீதி 1 (625001 = 8 × 78125 + 1) என்பதால் கட்டாயம் முடியும்; எட்டால் வகுத்து மீதி 7 வராத எந்த ஒற்றைப்படை எண்ணையும் அப்படி எழுதலாம் என்பது லெஜாண்டர் தேற்றம். தேடவும் அதிகம் வேண்டாம். வர்க்கமூலத்துக்குச் சற்றே கீழுள்ள முழு எண்ணான 790-ஐ எடுங்கள். 790² = 624100. மீதி 901, அதாவது 900 + 1.

625001 = 790² + 30² + 1²

முதல் முயற்சியிலேயே இவ்வளவு அழகாக அமைவது எல்லா எண்ணுக்கும் கிடைக்காது.

அடுத்தடுத்த இயல் எண்களின் கூடுதலாக எழுதுவதற்கு ஏழு வழிகள் உண்டு: ஒற்றைப்படை வகுத்திகள் எட்டில் ஒன்றைக் கழித்தது. 48071 முதல் 48083 வரை பதின்மூன்று எண்களைக் கூட்டிப் பாருங்கள். நடுவில் இருப்பது 48077.

1-ஐ 625001-ஆல் வகுத்தால் வரும் தசமம் 0.00000159999744000409… என்று ஓடும். 1 ÷ 625000 = 0.0000016 என்பதால், இதற்குள் 16, 256, 4096 என்று பதினாறின் அடுக்குகள் மாறி மாறிக் கூடியும் குறைந்தும் வருகின்றன. இந்தத் தசமம் எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை திரும்ப வரும்? 13-க்கு 6, 131-க்கு 130, 367-க்கு 366. இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 23,790. அத்தனை இலக்கங்களுக்குப் பிறகே சுழற்சி மறுபடி தொடங்கும்.

கணினிக்காரர்களுக்காக: இரும எண்ணில் இது 1001 1000 1001 0110 1001. பதினாறடிமானத்தில் 98969, எழுத்து எதுவுமே கலக்காமல்.

ஐந்தாம் படி: ஊர் முழுவதையும் ஒரே பட்டியலில் சலிப்பது

ஓர் எண்ணைப் பிரித்த கையோடு பக்கத்து எண்களையும் பார்த்துவிடலாம். 625001 முதல் 625021 வரை ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு பகா எண்ணாலும் 625000-ஐ ஒரே முறை வகுத்து மீதியைக் குறியுங்கள். பகா எண்ணிலிருந்து மீதியைக் கழித்தால் எந்த வால் எண்ணில் (625000-உடன் கூட்டும் எண்ணில்) அது வகுபடும் என்று தெரிந்துவிடும்.

17-ஆல் வகுத்தால் மீதி 12. இன்னும் 5 வேண்டும். ஆகவே 625005 வகுபடும். 19-ஆல் வகுத்தால் மீதி 14, மறுபடியும் 5. 43-இல் மீதி 38, அதுவும் 5! மூன்று பகா எண்கள் ஒரே வாலைக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். 625005 திருப்பரங்குன்றத்தின் பின்கோடு:

625005 = 3² × 5 × 17 × 19 × 43

வகுத்திகள் 3 × 2 × 2 × 2 × 2 = 48. நான்கு எண் தள்ளியிருக்கும் 625001-க்கு வெறும் 8. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் 6,10,515. எண்ணை எட்ட இன்னும் 14,490 மட்டுமே குறைவு. ஒற்றைப்படை எண்களில் அந்தக் கூடுதல் எண்ணையே மிஞ்சுவது அபூர்வம். அப்படி மிஞ்சும் மிகச் சிறிய ஒற்றைப்படை எண் 945. திருப்பரங்குன்றத்து எண் அந்த எல்லைக்கு மிக அருகே வந்து நிற்கிறது.

வகுத்திகள் மிகுந்த எண்களைப் பற்றி இராமானுஜன் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரையே வெளியிட்டார். தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் உள்ள எண்களை அவர் ஆராய்ந்தார். 5,54,400 அந்த வகை எண். அதற்கு 216 வகுத்திகள். 625005 வரை எந்த எண்ணும் அதை மிஞ்சவில்லை.

அதே பட்டியலில் 37, 41, 103 மூன்றும் 4-ஐக் காட்டும். பசுமலை: 625004 = 2² × 37 × 41 × 103.

பட்டியலை 787 வரை, அதாவது 138 பகா எண்களுக்கும் நிரப்பினால் எந்த வகுத்தியும் தொடாத ஒரே ஒரு வால் எண் மிஞ்சும். அது 7. ஆம், 625001-இலிருந்து 625021 வரை உள்ள இருபத்தொரு எண்களில் பகா எண் ஒன்றே ஒன்றுதான்: 625007, கே.புதூர். புதூர்க்காரர்கள் தாராளமாகப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஆறாம் படி: வகுத்தல் கைவிடும்போது ஃபெர்மா வழி

625021 மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பின்கோடு. இதைச் சாதாரண வகுத்தலால் பிரிக்கப் போனால் 112 பகா எண்கள் தோற்று, 113-ஆவதில்தான் விடை வரும். இதற்கு வேறு வழி நல்லது.

இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்துக்கு ஓரளவு அருகில் இருந்தால், எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாகத் தேடுவது விரைவு. வர்க்கமூலம் 790 சொச்சம், ஆகவே 791-இலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி 625021-ஐக் கழித்து, மீதி முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் வேலையைக் குறைப்போம். எண்ணை நான்கால் வகுத்தால் மீதி 1 என்பதால் நாம் தேடும் பெரிய எண் ஒற்றைப்படையாகவே இருக்கும். அது 3-இலோ 7-இலோ முடிந்தால் மீதி 8-இல் முடியும். எந்த வர்க்கமும் 8-இல் முடியாது. ஆக 1, 5, 9-இல் முடிபவை மட்டும்:

791² − 625021 = 660
795² − 625021 = 7004
799² − 625021 = 13380
801² − 625021 = 16580
805² − 625021 = 23004
809² − 625021 = 29460
811² − 625021 = 32700
815² − 625021 = 39204 = 198²

பூஜ்யத்தில் முடிந்தும் இரட்டைப் பூஜ்யம் இல்லாதவற்றைப் பார்த்தவுடனே தள்ளிவிடலாம். 32700-இல் இரட்டைப் பூஜ்யம் உண்டு, ஆனால் 327 வர்க்கம் அல்ல. எட்டாவது முயற்சியில் விடை: 815 − 198 = 617, 815 + 198 = 1013.

625021 = 617 × 1013

இரண்டும் பகா எண்கள். இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் ஆர்எஸ்ஏ முறையில், இப்படி இரண்டே பகா எண்களின் பெருக்குத்தொகையாக நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே இரண்டு பகா எண்களும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கக் கூடாது என்பது ஒரு விதி. காரணம் இப்போது நாம் செய்த இதே தேடல்தான்.

ஆனால் இந்த வழியை 625001-க்குப் போட்டால் 791-இலிருந்து 1035 வரை நடக்க வேண்டும். அதற்கு 1001 உத்திதான் சரி. எந்த எண்ணுக்கு எந்த வழி என்பது முன்கூட்டியே தெரியாது. அதனால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் மூன்று மூன்றாகக் கழித்தல், அடுத்து நூறு வரையுள்ள பகா எண்கள், அதற்கும் மசியாவிட்டால் ஃபெர்மா வழியில் ஒரு பத்துப் பதினைந்து முயற்சிகள், பிறகு மீண்டும் வகுத்தல்.

பழகிப் பார்க்க

வாடிப்பட்டி 625218-இல் தொடங்குங்கள். அது இரட்டைப்படை; இலக்கங்களின் கூடுதல் 24, ஆகவே 3-ஆலும் வகுபடும்; 625 − 218 = 407 = 11 × 37, ஆகவே 11-ஆலும் வகுபடும். மிஞ்சுவது 9473. அது பகா எண்தானா என்று 97 வரை சோதித்து முடிவு செய்யுங்கள். அது முடிந்ததும் அலங்காநல்லூர் 625501-ஐ எடுங்கள். அங்கே 1001 உத்தி எதையும் தராது. ஆனால் ஐந்தாம் படியின் பட்டியலில் 29-க்கு நேரே 8 என்று இருக்கும், 8-உடன் 29-ஐப் பதினேழு முறை கூட்டினால் 501. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மீதியை நீங்களே பிரித்துவிடலாம்.